குளிரில் வெளியே ஓடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குளிர்காலத்தில் ஓடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எத்தனை டிகிரி வரைக்கும் வெளியே ஓடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: பாதி வழியில் ஓட முடியாமல் போனால் என்ன ஆகும்?

ஓடுகிற உடம்பு எரிகிற அடுப்பு மாதிரி. தசைகள் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் சூடாகத்தான் வெளியேறுகிறது. அதனால்தான் 0 டிகிரியில்கூட கொஞ்ச நேரத்தில் வியர்த்துவிடுகிறது. ஓட்டம் நின்றதும் அடுப்பு தணியும். நனைந்த துணியோ உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

என் முதல் குளிர்காலத்தில் இதை நேரில் அனுபவித்தேன். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கணுக்கால் பிசகிவிட்டது. அன்று மைனஸ் 3தான், பெரிய குளிரே இல்லை. ஜாக்கெட்டுக்குள் பருத்தி டி-ஷர்ட், சொட்டச் சொட்ட வியர்வை. நொண்டி நொண்டி வீடு வந்து சேர முக்கால் மணி நேரம். வாசலில் நின்று சாவியைப் பூட்டுக்குள் நுழைக்கப் பார்த்தால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கீழே சொல்வதெல்லாம் அந்த நாளை மனதில் வைத்துத்தான்.

படி 1: காற்றையும் சேர்த்துப் பாருங்கள்

வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் "உணரும் வெப்பநிலை" என்று ஒன்று இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 20. காற்றே இல்லாத நாளிலும், நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் முகத்தில் அந்த வேகக் காற்று படும்.

உணரும் வெப்பநிலை மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையலாம். மைனஸ் 40-ஐ நெருங்கினால் பத்தே நிமிடம் போதும். அனுபவசாலிகள் மைனஸ் 20-இல்கூட ஓடுகிறார்கள்தான். ஆனால் முதல் குளிர்காலத்தில் மைனஸ் 10-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று: 0 டிகிரிக்குச் சற்று மேலே, மழையோடு சேர்ந்து வரும் குளிரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலர்ந்த மைனஸ் 8-ஐவிட நனைந்த 2 டிகிரிக்குத்தான் நான் பயப்படுவேன்.

ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேனோ பிரச்சினை, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஓட்டமும் சேர்ந்தால் இதயத்துக்கு இரட்டை வேலை.

படி 2: உடுத்துவது

வெளியே இருப்பதைவிட 10 டிகிரி அதிகம் என்று நினைத்துக்கொண்டு உடுத்துங்கள். வாசலைத் தாண்டியதும் லேசாக நடுங்க வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் ஒரு துணி அதிகம். இரண்டாவது கிலோமீட்டரில் குளித்த மாதிரி நனைந்துவிடுவீர்கள்.

உடம்போடு ஒட்டியிருக்கும் துணிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பாலியஸ்டர் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி வாங்குங்கள். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். அது வியர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது. கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைப் பிடித்துவைக்கும். அதற்கு மேல் குளிருக்கேற்ப ஒரு நடுத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். ஜாக்கெட்டில் ஜிப் இருப்பது நல்லது; சூடு ஏறும்போது கொஞ்சம் திறந்துவிடலாம், வியர்வை அங்கேயே பாதி அடங்கும்.

கைக்கு ஐந்து விரல் கையுறையைவிட, விரல்களெல்லாம் ஒன்றாக இருக்கும் உறை அதிகச் சூடு தரும். காதை மறக்காதீர்கள். உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று சொல்வார்கள், அது சரியில்லை; தலை உடலின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் போகும். ஆனாலும் காது, மூக்கு, விரல் நுனிகள்தான் முதலில் உறையும் என்பதால் தொப்பி வேண்டும்.

காலுக்கு ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். இரண்டு போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். ஆண்களுக்கு ஒன்று, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்: காற்றடிக்கும் நாளில் முன்பக்கம் காற்றைத் தடுக்கும் உள்ளாடை போடுங்கள். அங்கேயும் தோல் உறைந்துபோவது உண்டு.

படி 3: பாதையைத் தீர்மானிப்பது

நேராக ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதைவிட, வீட்டைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் வட்டமாக மூன்று சுற்று ஓடுங்கள். எங்கே நின்றாலும் வீடு பக்கத்தில் இருக்கும். போய்த் திரும்பும் பாதைதான் என்றால், போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் காற்று என்று அமைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த உடம்போடு எதிர்க்காற்றில் திரும்பி வருவது மிகவும் மோசம்.

எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போனை உடம்பை ஒட்டிய உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். வண்டி பிடிக்கக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

படி 4: தொடக்கமும் மூச்சும்

வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள்: படி ஏறி இறங்கலாம், நின்ற இடத்திலேயே ஓடலாம். வியர்க்கும் முன்பே வெளியே போய்விட வேண்டும். அப்புறம் முதல் பத்து நிமிடம் மெதுவாக.

குளிர்காற்று நுரையீரலை உறையவைக்காது, காற்று அங்கே போவதற்குள் சூடாகிவிடும். தொண்டை எரிச்சலும் ஓடி முடித்தபின் வரும் இருமலும் பெரும்பாலும் காற்றின் வறட்சியால் வருபவை. கழுத்துத் துணியை வாய்க்கு மேல் இழுத்துவிட்டால் உள்ளே போகும் காற்றில் ஈரமும் சூடும் சேரும். நெஞ்சு இறுகினாலோ வீசிங் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

படி 5: வழுக்கலும் இருட்டும்

சாலை வெறுமனே ஈரமாகத் தெரியும், ஆனால் மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கும். பிளாக் ஐஸ் என்பது இதுதான். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று புகுவதால் அவை மற்ற சாலையைவிட முன்னதாக உறையும். சந்தேகம் வந்தால் அடியைச் சின்னதாக வையுங்கள், பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழட்டும், வளைவில் நடந்தே போங்கள். ஷூவின் மேல் மாட்டும் முள் பட்டைகள் பனியில் உதவும்.

இருட்டில் நெற்றி விளக்கும், ஒளி பட்டால் மின்னும் பட்டையும் கட்டாயம். நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடுங்கள்; வழுக்கும் சாலையில் ஓட்டுநரால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

படி 6: உடம்பு சொல்வதைக் கேட்பது

மூக்கோ காதோ விரலோ முதலில் வலிக்கும், குத்தும். அப்புறம் வலி நின்றுவிடும். வலி போய்விட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள், மரத்துப்போவதுதான் ஆபத்து. கருத்த தோலில் நிறமாற்றம் எளிதில் தெரியாது என்பதால் உணர்ச்சியை வைத்தே முடிவு செய்யுங்கள். உடனே வீட்டுக்குள் போய், 37 முதல் 40 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்துங்கள். தேய்க்கக் கூடாது, நெருப்பிலோ ஹீட்டரிலோ காட்டக் கூடாது: மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. தோல் கெட்டியாகவோ மெழுகு மாதிரியோ இருந்தாலும், உணர்ச்சி திரும்பாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று ஹைப்போதெர்மியா, உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை. அடக்க முடியாத நடுக்கம், பொருளைத் தவறவிடும் கை, குழறும் பேச்சு, தடுமாறும் நடை. அன்று சாவியோடு நான் போராடியது இந்த வழியில் முதல் சில அடிகளாக இருந்திருக்கலாம். ஈரத் துணியைக் கழற்றி, போர்வை சுற்றி, முழு நினைவோடு இருந்தால் சூடாக இனிப்பான பானம் கொடுக்கலாம். மது கூடாது. குழப்பமாகப் பேசினாலும், சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனாலும் அவசர உதவியை அழையுங்கள்.

படி 7: வீடு திரும்பியதும்

முதல் வேலை ஈரத் துணியை மாற்றுவது. நீட்சிப் பயிற்சி, போன், எல்லாம் அதற்குப் பிறகுதான். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வெளியே விட்ட ஒவ்வொரு வெண்மூச்சிலும் தண்ணீர் போயிருக்கிறது. தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள்.

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும்.