கழுத்துச் சிகிச்சைக்குப் பின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் முறை

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை நிலையத்துக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறை வராவிட்டால் அவர் குணமடைந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது எளிது. வலி கூடியதால் நின்றுவிட்டவரும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறார். ஆகவே நோயாளியே வந்து சொல்லட்டும் என்று காத்திராமல், சிகிச்சையாளரே கேட்டறிய வேண்டும்.

எப்போது கேட்பது என்பதற்கு 1997-இல் வெளியான நார்வே ஆய்வொன்று வழிகாட்டுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகளைக் கவனித்த அந்த ஆய்வில், ஏறத்தாழ 55 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு தொந்தரவைக் குறிப்பிட்டனர். சிகிச்சை செய்த இடத்தில் வலி, தலைவலி, அசதி ஆகியவையே அவற்றுள் மிகுதி. பெரும்பாலானவை 4 மணி நேரத்துக்குள் தொடங்கி, தோன்றிய 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டன. எனவே அன்று மாலையிலும் மறுநாளும் தொலைபேசியில் விசாரிப்பது பொருத்தமானது. இரண்டு நாள் கடந்தும் வலி தணியாவிட்டால், அடுத்த சிகிச்சைக்கு முன் மறுபரிசோதனை செய்ய வேண்டும்.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டால் பலர் மரியாதைக்காகப் “பரவாயில்லை” என்றுதான் சொல்வார்கள். தலைவலி வந்ததா, கை மரத்ததா, நடக்கும்போது தள்ளாடியதா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சைக்கு முந்தைய நிலையும் பதிவாகியிருக்க வேண்டும்: பத்துக்கு எத்தனை வலி, ஏற்கெனவே மரத்துப்போதல் உண்டா, இரத்த அழுத்தம் எவ்வளவு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா, எலும்புத் தேய்மானம் உண்டா, அண்மையில் கீழே விழுந்தாரா என்பவை அதில் அடங்கும்.

முன்பு அறிந்திராத கடுமையான கழுத்துவலி அல்லது தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க இயலாமை, முகம் கோணுதல் ஆகியவற்றில் எதுவும் திடீரெனத் தோன்றினால், அது கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அவரைக் காத்திருக்கச் சொல்வதும், இன்னொரு முறை கழுத்தைத் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் கூடாது. உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது அரிதுதான். ஆயினும், ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனி தரும் வலியே ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்து வந்திருக்கவும் கூடும் என்பதால், இதே கேள்விகளைக் கழுத்தில் கைவைக்கும் முன்னரே கேட்டுவிடுவது அவசியம். முதுகுச் சிகிச்சையில், சிறுநீர் பிரியாமையும் தொடையிடுக்கு மரத்துப்போதலும் அதே அவசரத்துக்கு உரியவை.

ஒவ்வொரு விளைவுக்கும் எதிரே சிகிச்சை செய்த இடம், கையாண்ட முறை, விளைவு தொடங்கிய நேரம், நீடித்த காலம், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் கைரோபிராக்டர்ஸ் நடத்தும் இணையப் பதிவு முறையில், சிகிச்சையாளர்கள் தம் பெயரை வெளிக்காட்டாமல் இத்தகைய நிகழ்வுகளைப் பகிர்கின்றனர். சிறிய நிலையத்துக்கு ஒரு குறிப்பேடே போதும். யாரையும் குற்றம் சாட்டாமல், மாதந்தோறும் எல்லோரும் சேர்ந்து அதைப் படித்துப் பார்க்க வேண்டும்.