பெட்ரோல் காரைப் பார்க்கும் கண்ணோடு மாற்று எரிபொருள் கார் வாங்கினால்…

மின்சாரம், சிஎன்ஜி, ஹைப்ரிட், எத்தனால் என்று பெட்ரோலை விட்டு விலகுகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். 2024-ல் மட்டும் உலகம் முழுக்க 1.7 கோடிக்கு மேல் மின்சார கார்கள் (பெட்ரோல் எஞ்சினோடு, செருகி ஏற்றும் பேட்டரியும் உள்ள பிளக்-இன் ஹைப்ரிட்களையும் சேர்த்து) விற்றன. விற்ற புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல். ஆனால் முதல் அலையில் வாங்கியவர்கள் பட்ட அவதிகளையே இப்போது வாங்குகிறவர்களும் அச்சுப் பிசகாமல் படுகிறார்கள். பெட்ரோல் காரில் எதையெல்லாம் பார்த்து வாங்கிப் பழகினார்களோ, அதையேதான் இதிலும் பார்க்கிறார்கள்.

சார்ஜ் போட மறப்பது, வழியில் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் யாரும் தானாகத் திருந்திவிடுவார்கள். பணத்தை விழுங்கும் தவறுகள் வேறு.

ஓடோமீட்டரைப் பார்த்துப் பழைய மின்சார காரை வாங்குவது

“ஒரே ஓனர், ஷெட்டிலேயே நின்ற வண்டி, இருபத்தைந்தாயிரம்தான் ஓடியிருக்கு.” பெட்ரோல் கார் விற்கிறவர் இப்படிச் சொன்னால் அது நல்ல செய்தி. எஞ்சின் ஓட ஓடத்தான் தேயும். மின்சார காரில் இதே வாக்கியத்தைக் கேட்டால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

லித்தியம் பேட்டரி இரண்டு வழியில் தேய்கிறது. ஒன்று, சார்ஜ் ஏறி இறங்குவதால். இன்னொன்று, சும்மா இருப்பதால். இந்த இரண்டாவது தேய்மானத்தை வேகப்படுத்துபவை வெப்பமும், செல்லில் இருக்கும் சார்ஜ் அளவும். வெயிலில் 100 சதவீதத்தில் மாதக்கணக்கில் நின்ற கார், தினமும் 30-க்கும் 70-க்கும் இடையில் ஓடி 90,000 கி.மீ. கண்ட காரைவிட மோசமான பேட்டரியோடு இருக்கலாம். இது தெரியாமல், கதவில் உள்ள கீறலுக்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர், காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கக்கூடிய பேட்டரியைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. எரிச்சல் வருவது இங்கேதான்.

பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃபில் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. வெப்பப் பகுதிகளில் ஓடிய பழைய லீஃப்கள் சீக்கிரமே திறன் இழந்ததற்கு அது முக்கியக் காரணம். அதன் டேஷ்போர்டில் பேட்டரி நலத்தைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் அணைவதற்குள் ஏறக்குறைய 15 சதவீதத் திறன் போயிருக்கும். அதாவது 12 கட்டமும் எரிகிறது என்றால் பேட்டரி புதுசு என்று பொருளல்ல. போதாததற்கு, பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியின் நினைவை அழித்துவிட்டால் 12 கட்டமும் திரும்ப எரியும். உண்மை நிலையைக் கார் மறுபடி கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதற்குள் கார் கை மாறியிருக்கும்.

பிறகு அளந்து பாருங்கள். கஷ்டமான வேலை இல்லை, பொறுமைதான் வேண்டும்.

காரை 10 சதவீதத்துக்கு இறக்கி, வீட்டு மின்சாரத்தில் ஓடும் ஏசி சார்ஜரில் 90 வரை ஏற்றுங்கள். சுவர்ப் பக்கம் ஒரு மீட்டர் இருக்கட்டும். பேட்டரியின் பயன்படு திறன் புதிதில் 40 யூனிட் (கிலோவாட்-மணி) என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத்துக்கு 32 யூனிட் உள்ளே போக வேண்டும். வழியில் பத்து சதவீதம் போலச் சேதாரம் ஆகும். எனவே மீட்டரில் 35, 36 காட்டினால் ஆரோக்கியம். 28-தான் காட்டுகிறதா? உள்ளே போனது 25.2, அதை 0.8-ஆல் வகுத்தால் 31.5. மிச்சமிருக்கும் திறன் 79 சதவீதம். விலையை அந்தக் கணக்கில் பேசுங்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு: அந்த 10, 90 என்ற எண்களும் காரின் மதிப்பீடுதான். ஆகவே காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகி, அந்த மாடலுக்கான ஆப்பில் செல் வோல்டேஜ்களையும் பாருங்கள். இதைப் பாதி சார்ஜில் பார்ப்பது வீண். நடுப்பகுதியில் வோல்டேஜ் வளைவு தட்டையாக இருப்பதால், சோர்ந்த செல்லும் நல்ல செல்லும் ஒரே எண்ணைக் காட்டும். 10 முதல் 20 சதவீதத்தில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போது பாருங்கள். மிக உயர்ந்த செல்லுக்கும் மிகத் தாழ்ந்த செல்லுக்கும் வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டி, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே செல்லே கீழே விழுகிறது என்றால், அந்த மாட்யூல் போகப்போகிறது. மொத்தத் திறன் 85 சதவீதம் என்று காட்டினாலும் ஒரு செல் சோர்ந்தால் பேக் முழுவதும் அதோடு நிற்கும். தொடரில் இணைந்தவை ஆயிற்றே.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியில் இன்னொரு சிக்கல். அதன் வோல்டேஜ் வளைவு மிகவும் தட்டை. அடிக்கடி 100 வரை ஏற்றாவிட்டால் காரே தன் சார்ஜைத் தப்பாக எண்ணத் தொடங்கும். அதனால்தான் பல நிறுவனங்கள் வாரம் ஒரு முறை முழுதாக ஏற்றச் சொல்கின்றன. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகைக்கு அறிவுரை நேர் எதிர்: அன்றாடத்துக்கு 80 போதும். ஒன்றின் பழக்கத்தை மற்றதில் செய்கிறவர்கள் ஏராளம். எந்த வகை என்று தெரியாமல் எந்த அறிவுரையையும் பின்பற்றாதீர்கள்.

கடைசியாக வாரண்டி. 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., திறன் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம் என்பதே பரவலான வாசகம். “அல்லது” என்ற சொல்லைக் கவனியுங்கள். எது முந்துகிறதோ அதோடு சரி. 71 சதவீதத்தில் நிற்கும் ஏழரை வயது பேட்டரிக்கு அந்தக் காகிதத்தால் பயனில்லை. அடுத்த ஓனருக்கு வாரண்டி தொடருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

சுவரில் 22 கிலோவாட், காரில் 7

ஏசி சார்ஜிங்கில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள்ளே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது 7.4 கிலோவாட் என்றால், சுவரில் மும்முனை இணைப்போடு 22 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் 7.4-தான் ஏறும். மிச்சம் வயருக்கும் பெட்டிக்கும் கொடுத்த தண்டம்.

நேர்மின்சாரம் தரும் டிசி வேக சார்ஜிலும் “150 கிலோவாட்” என்ற விளம்பர எண் சில நிமிடமே நிற்கும் உச்சம். 10-லிருந்து 80 வரை எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 60 யூனிட் பேட்டரிக்கு 30 நிமிடம் என்றால் ஏறியது 42 யூனிட். சராசரி 84 கிலோவாட். இரண்டு கார்களை ஒப்பிட இந்தச் சராசரிதான் உதவும்.

எக்ஸ்டென்ஷன் கார்டில் சார்ஜ்

வேண்டாம். எட்டு மணி நேரத் தொடர் லோடுக்கு அது செய்யப்பட்டதே இல்லை. சுருட்டி வைத்திருந்தால் உருகும்.

பிளக்-இன் ஹைப்ரிட்டை வாங்கி, பிளக்கையே தொடாமல் இருப்பது

சார்ஜ் ஏற்றாவிட்டால், கனமான பேட்டரியைச் சுமந்து திரியும் சாதாரணப் பெட்ரோல் கார்தான் அது. ஐரோப்பிய ஆணையம் கார்களிலிருந்தே திரட்டிய எரிபொருள் தரவை 2024-ல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைப்ரிட்களின் உண்மையான கார்பன் உமிழ்வு, சான்றிதழில் இருப்பதைப்போல மூன்றரை மடங்கு. சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களில் அந்த இடைவெளி சுமார் 20 சதவீதம்தான். வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இல்லையென்றால் இந்த வகையைத் தொடாதீர்கள். செருகத் தேவையில்லாத சாதாரண ஹைப்ரிட் உங்களுக்கு லாபம்.

பெட்ரோல் எஞ்சினில் சிஎன்ஜி மாட்டி, பெட்ரோலை மறந்துவிடுவது

கேஸில்தான் ஓடுகிறதே என்று பெட்ரோல் டேங்கை வறளவிடுகிறார்கள். பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் சுழன்றுகொண்டே இருக்கும். அதைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல். டேங்க் காய்ந்தால் பம்ப் எரியும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள், இன்ஜெக்டர் அடைக்காது.

அடுத்தது வால்வ். கேஸ் வறண்ட எரிபொருள். அதற்கென்று கடினப்படுத்தாத வால்வ் சீட் (வால்வ் மூடும்போது உட்காரும் வளையம்) மெல்ல அமுங்கும். அமுங்க அமுங்க, வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள டாப்பெட் இடைவெளி குறையும். இடைவெளி கூடினால் டிக்டிக் என்று சத்தம் வரும், மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். குறைந்தால் எஞ்சின் முன்பைவிட அமைதியாகிவிடும். “கேஸ் போட்டதும் ஸ்மூத்தா ஆயிடுச்சு” என்று சந்தோஷப்படுகிறவர்களின் எக்ஸாஸ்ட் வால்வ் சரியாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கலாம். இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இல்லாத எஞ்சினில், மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜ் வைத்து அதை அளக்கச் சொல்லுங்கள், காதை நம்பாதீர்கள்.

ஸ்பார்க் பிளக் இடைவெளியை 1.0, 1.1 மி.மீ.யிலிருந்து 0.8 அளவுக்குக் குறைக்க வேண்டிவரும். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் கேட்கும். அளவு கிட் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். கேஸ் சிலிண்டரில் 60 லிட்டர் என்று இருந்தால் அது நீர்க் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் பிடிப்பது 9, 10 கிலோ கேஸ். எஃகுச் சிலிண்டர் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு ஆள் கனம், அதுவும் பின்பக்கம். சிலிண்டரின் மறுசோதனைத் தேதி தாண்டினால் கேஸ் நிரப்பக் கூடாது; இதில் சாக்குப்போக்கே கிடையாது.

எத்தனாலை லிட்டர் விலையில் ஒப்பிடுவது

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்), பெட்ரோலைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மலிவாக இருந்தால்தான் கணக்கு சமன். இரண்டுக்கும் ஏற்றது என்ற பொருளில் ஃப்ளெக்ஸ் என்று எழுதாத காரில் அதை ஊற்றவே கூடாது: பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9-தான். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காமல் கலவை மெலியும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியில் எத்தனால் கலந்த எரிபொருளை விட்டுவைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும்.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

மின்சார காரிலும் அது உண்டு. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் எழாது.

ஹைட்ரஜன் வரட்டும் என்று காத்திருப்பது

நீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் கார் 100 கி.மீ. போல ஓடும். அதே 50 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் 250, 300 கி.மீ. ஓடலாம். 700 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் செலவு தனி. 2024-ல் ஷெல் நிறுவனம் கலிஃபோர்னியாவில் தன் ஹைட்ரஜன் கார் நிலையங்களை மூடியபோது, அதை நம்பி வாங்கியவர்களுக்கு நிரப்ப இடம் இன்னும் சுருங்கியது. கனரக வாகனங்களில் இதற்கு இடம் இருக்கலாம். சொந்தக் காருக்கு இதற்காகக் காத்திருப்பது வீண்.

பெட்ரோல் நாளைக்கே போய்விடும் என்று பதறி விற்பது

நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது மின்சாரம். அப்படிப்பட்ட நாட்டிலேயே சாலையில் ஓடும் பெட்ரோல் கார்களை மின்சார கார்கள் எண்ணிக்கையில் முந்தியது 2024 செப்டம்பரில்தான். டீசல் கார்கள் அப்போதும் அவற்றைவிட அதிகம். புதிய விற்பனை மாறும் வேகம் வேறு, தெருவில் நிற்கும் வண்டிகள் மாறும் வேகம் வேறு. ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓடும் நல்ல பெட்ரோல் கார் கையில் இருந்தால், எரிபொருளில் மிச்சம் பிடிப்பதைவிட அவசரமாக மாற்றுவதில் இழப்பதே அதிகமாக இருக்கும். 20,000-க்கு மேல் ஓடுகிறவர், நிற்கும் இடத்தில் பிளக் உள்ளவர், இப்போதே மாறலாம்.

பழுதான மின்சார காரைக் கயிறு கட்டி இழுப்பது

மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டியையே கூப்பிடுங்கள்.