பாலியஸ்டர் ஃபிலிம் மீதான அமெரிக்க எதிர்மானிய வரி: மறுஆய்வு அறிவிப்பைப் படிப்படியாக வாசிப்பது எப்படி

சிப்ஸ் பாக்கெட்டின் மேலடுக்கிலும், மின்தேக்கிகளுக்குள்ளும், லேபிள்களிலும் இருக்கும் மெல்லிய பாலியஸ்டர் படலத்தைத் தொழிலில் உள்ளவர்கள் பெட் ஃபிலிம் என்பார்கள். இந்தியாவிலிருந்து செல்லும் இந்த ஃபிலிமுக்கு அரசு மானியம் கிடைக்கிறது என்று சொல்லி, அமெரிக்க வணிகத் துறை 2002 ஜூலை 1 அன்று, அந்த மானியத்தின் பலனை ஈடுகட்டும் எதிர்மானிய வரி ஆணையை வெளியிட்டது. அதே நாளில் இந்தியா, தைவான் ஆகிய இரு நாடுகளின் பெட் ஃபிலிம் மீதும், நியாயமான விலையைவிடக் குறைத்து விற்பதற்கு எதிரான குவிப்புத் தடுப்பு வரி ஆணைகள் வந்தன. எதிர்மானிய வரியின் விகிதம் ஒருமுறை குறிக்கப்பட்டு அப்படியே நிற்பதில்லை. யாரேனும் கோரினால் ஆண்டுதோறும் அது மறுஆய்வுக்கு வரும். அந்த மறுஆய்வின் அறிவிப்பு ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் சில பக்கங்களில் வெளியாகும்.

ஏற்றுமதி ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வணிகச் சட்டம் பயிலும் மாணவர்களும் அந்த அறிவிப்பைத் திறந்தவுடன் அட்டவணையில் உள்ள சதவீதத்தைத்தான் தேடுகிறார்கள். அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. எந்தப் பொருள், எந்த ஆண்டு, எந்த நிறுவனம், எந்தத் திட்டம், எந்த விற்பனையால் வகுத்தது என்ற ஐந்தும் தெரியாமல் அந்தச் சதவீதத்துக்குப் பொருளில்லை.

படி 1: வழக்கு எண்ணையும் பொருளின் வரையறையையும் பாருங்கள்

அறிவிப்பின் தலைப்பகுதியில் வழக்கு எண் இருக்கும். இந்திய பெட் ஃபிலிம் மீதான எதிர்மானிய வரி வழக்கின் எண் சி-533-825. குவிப்புத் தடுப்பு வழக்கின் எண் ஏ-533-824. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை என்றாலும் தனித்தனிக் கோப்புகள், தனித்தனிக் கணக்குகள். ஒன்றின் விகிதத்தை மற்றொன்றின் இடத்தில் எழுதிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நேரும் பிழை.

அடுத்து வரையறை. பதப்படுத்தாத ஃபிலிம், முன்பதப்படுத்திய ஃபிலிம், பிரைமர் பூசிய ஃபிலிம் ஆகிய அனைத்தும், எந்தத் தடிமனில் இருந்தாலும், ஆணைக்குள் வரும். மெட்டலைஸ் செய்த ஃபிலிமும், ஒரு பக்கத்திலாவது 0.00001 அங்குலத்துக்கு மேல் தடிமனுள்ள செயல்திறன் கூட்டும் பூச்சு ஏற்றப்பட்ட ஃபிலிமும் வெளியே நிற்கும். அமெரிக்கச் சுங்க அட்டவணையின் 3920.62.00 என்ற எண் வசதிக்காகவே தரப்படுகிறது. எழுத்தில் உள்ள விவரிப்பே தீர்மானிக்கும் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஆகவே இன்வாய்ஸில் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவுக்கு வரக் கூடாது.

படி 2: மறுஆய்வுக் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஏற்றுமதி செய்யும் நாடுகளில் பலருக்கும் பழக்கமான முறை, வருங்காலச் சரக்குக்கு விகிதம் குறிக்கும் முறை. அமெரிக்க முறை அப்படியல்ல; அங்கே சரக்கு இறங்கும்போது இறக்குமதியாளர் கட்டுவது ஒரு முன்வைப்புத் தொகை மட்டுமே, உண்மையான வரி பின்னால்தான் முடிவாகும்.

ஆணை பிறந்த மாதம் ஜூலை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் மறுஆய்வு கோரலாம். எதிர்மானிய வரி வழக்கில் ஆய்வுக்கு எடுக்கப்படுவது அதற்கு முன் முடிந்த காலண்டர் ஆண்டு. 2023 ஜூலையில் கோரினால், ஆய்வுக் காலம் 2022 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. குவிப்புத் தடுப்பு வழக்கிலோ ஜூலை முதல் ஜூன் வரையிலான பன்னிரண்டு மாதங்கள்.

முதற்கட்ட முடிவு, கோரிக்கை மாதத்தின் கடைசி நாளிலிருந்து 245 நாள்களில் வர வேண்டும். அதை 365 நாள்கள் வரை நீட்டிக்கலாம். இறுதி முடிவு, முதற்கட்ட முடிவு வெளியானதிலிருந்து 120 நாள்களில். இதையும் 180 வரை நீட்டிக்கலாம். இரண்டு நீட்டிப்பும் எடுக்கப்பட்டால், 2022 ஜனவரியில் இறங்கிய ஒரு ஃபிலிம் உருளைக்கான வரி 2025 தொடக்கத்தில்தான் உறுதியாகும். அதுவரை இறக்குமதியாளரின் ஏட்டில் அது முடியாத கணக்கு. அந்த நிச்சயமின்மையையும் சேர்த்துத்தான் அவர் விலை பேசுவார் என்பதை ஏற்றுமதியாளர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

படி 3: யார் பெயர் எதற்காக உள்ளது என்று பிரித்தறியுங்கள்

மறுஆய்வைக் கோருவோர் இரு தரப்பினர்: தன் விகிதம் குறையும் என்று நம்பும் ஏற்றுமதியாளர் அல்லது இறக்குமதியாளர், அது கூட வேண்டும் என்று விரும்பும் அமெரிக்க உற்பத்தியாளர். யாரும் கோராத நிறுவனத்தின் சரக்குக்கு, ஏற்கெனவே கட்டிய முன்வைப்புத் தொகையே இறுதி வரியாகிவிடும். கோரியவர், தொடக்க அறிவிப்பு வெளியானதிலிருந்து 90 நாள்களுக்குள் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம். கோரியவர்கள் எல்லோரும் திரும்பப் பெற்றால் அந்த நிறுவனம் தொடர்பான மறுஆய்வு கைவிடப்படும்.

பட்டியலில் பல பெயர்கள் இருந்தாலும் எல்லோரையும் வணிகத் துறை விசாரிப்பதில்லை. சுங்கத் தரவை வைத்து அதிக அளவில் ஏற்றுமதி செய்த ஓரிரு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கும் இந்திய அரசுக்கும் விரிவான வினாப்பட்டியலை அனுப்பும். தேர்வாகாத நிறுவனங்களுக்குப் பொதுவாக, தேர்வான நிறுவனங்களின் விகிதங்களிலிருந்து கணக்கிட்ட சராசரி கிடைக்கும். ஒருவர் கணக்கு எழுதிய ஒழுங்கு இன்னொருவரின் வரியைத் தீர்மானிக்கிறது. இது எனக்கு நியாயமாகத் தோன்றியதில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

படி 4: திட்டங்களின் பட்டியலை வாசியுங்கள்

அறிவிப்பு சுருக்கமானது, காரணங்கள் எல்லாம் அதனுடன் வெளியாகும் தீர்மானக் குறிப்பாணையில் இருக்கும். அதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்கப்படும். அரசிடமிருந்து நிதி உதவி வந்ததா? அதனால் நிறுவனத்துக்குப் பலன் உண்டா? அந்த உதவி குறிப்பிட்ட தரப்பினருக்கு மட்டும் உரியதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் வரி. ஏற்றுமதி செய்தால் மட்டுமே கிடைக்கும் உதவிக்கு மூன்றாம் கேள்வியின் விடை தானாகவே ஆம் ஆகிவிடும்.

இந்திய வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சிலவே: இயந்திர இறக்குமதிக்குச் சுங்க வரிச் சலுகை தரும் ஈபிசிஜி திட்டம், ஏற்றுமதிப் பொருளுக்கான மூலப்பொருளை வரியின்றி இறக்க விடும் அட்வான்ஸ் ஆதரைசேஷன், ஏற்றுமதிக் கடனுக்கான வட்டிச் சலுகை, மாநில அரசுகளின் முதலீட்டு ஊக்கத் திட்டங்கள், பொருள் ஏற்றுமதிக்கு ஊக்கம் தர முன்பு இருந்த எம்இஐஎஸ், அதன் இடத்துக்கு 2021 ஜனவரி 1 முதல் வந்த ரோட்டெப். ரோட்டெப்பில் கிடைப்பது ஏற்கெனவே கட்டிய வரியின் திருப்பம்தான் என்பது இந்திய அரசின் வாதம். எந்தப் பொருளுக்குள் எவ்வளவு வரி அடங்கியிருந்தது என்று சரிபார்க்கும் முறை போதாது என்று சொல்லி, வணிகத் துறை பல இந்திய வழக்குகளில் அதை மானியமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழுவும் 2019 அக்டோபரில் ஈபிசிஜி, எம்இஐஎஸ் உள்ளிட்ட திட்டங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது.

படி 5: ஒரு திட்டத்தையாவது நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். ஈபிசிஜியையே எடுத்துக்கொள்வோம். சலுகை பெற்ற நிறுவனம், சேமித்த வரியின் ஆறு மடங்கு மதிப்புக்கு ஆறு ஆண்டுகளில் ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கடப்பாடு முடியும் வரை, கட்டாத வரியை வட்டியில்லாக் கடன் என்று வணிகத் துறை கருதும். கட்டாமல் விட்ட வட்டிதான் பலன். கடப்பாடு நிறைவேறி, இந்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டி வரியைத் தள்ளுபடி செய்தவுடன், முழுத்தொகையும் அந்த ஆண்டில் பெற்ற மானியமாக மாறிவிடும்.

கற்பனையாக, தள்ளுபடியான வரி 10 கோடி ரூபாய், அந்த ஆண்டின் ஏற்றுமதி விற்பனை 400 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு சோதனை: 10 கோடியை 400 கோடியால் வகுத்தால் 2.5 சதவீதம். இது 0.5 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், மானியத்தை ஒரே ஆண்டில் எழுதாமல், இயந்திரங்களின் சராசரி ஆயுட்காலமான 10 ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும்.

பரப்புவது என்றால் ஆண்டுக்கு ஒரு கோடி என்று பங்கிடுவதல்ல. பணத்தின் காலமதிப்பும் சேரும். அந்தக் காலமதிப்பைக் கணக்கிடும் வட்டி விகிதம் 10 சதவீதம் என்று கொண்டால், முதலாண்டுப் பங்கான 1 கோடியுடன், மீதமுள்ள 10 கோடியின் பத்து சதவீதமான 1 கோடியைக் கூட்டி, வரும் 2 கோடியை 1.1 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.82 கோடி. ஆண்டுதோறும் மீதத்தொகை ஒரு கோடி குறைந்து வரும். பத்தாம் ஆண்டில் பலன் சரியாக 1 கோடியில் வந்து நிற்கும்.

முதலாண்டின் 1.82 கோடியை 400 கோடியால் வகுத்தால் 0.45 சதவீதம். மறுஆய்வில் ஒரு நிறுவனத்தின் மொத்த விகிதம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வரி கிடையாது. ஆகவே இந்த ஒரு திட்டம் மட்டும் இருந்தால் நிறுவனம் தப்பிவிடும். ஏற்றுமதிக் கடன் சலுகையால் இன்னொரு 0.20 சதவீதம் வந்தால் மொத்தம் 0.65 ஆகி, முழு 0.65 சதவீதமும் வரியாகும். மேலே உள்ள 0.15 மட்டுமல்ல. சோதனையில் வந்த 0.5 வேறு, வரம்பாக வரும் இந்த 0.5 வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் தேவை. ஏற்றுமதியைச் சார்ந்த சலுகையை ஏற்றுமதி விற்பனையால் மட்டும் வகுப்பார்கள். பொதுவான சலுகையை மொத்த விற்பனையால் வகுப்பார்கள். மேற்படி நிறுவனத்தின் மொத்த விற்பனை 1000 கோடி என்றால், அதே 1.82 கோடி மாநில அரசின் பொதுச் சலுகையாக வந்திருந்தால் விகிதம் 0.18 மட்டுமே.

படி 6: பதில் தராத இடங்களைத் தேடுங்கள்

கேட்ட தகவலைத் தராவிட்டால், இருக்கும் தகவல்களில் பாதகமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வணிகத் துறைக்குச் சட்டம் இடம் தருகிறது. ஒரு நிறுவனத்தின் விகிதம் மற்றவற்றைவிடப் பல மடங்கு இருந்தால், அது பெற்ற மானியத்தைவிட அது அனுப்பாத பதிலே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தவறு நிறுவனத்துடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அரசு தன் பங்குக் கேள்விக்குப் பதில் தராமல் விட்டாலும் விளைவை நிறுவனம் சுமக்க நேரிடும்.

படி 7: இப்போது சதவீதத்தைப் பாருங்கள்

இறுதி விகிதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆய்வுக் காலத்தில் இறங்கிய சரக்கின் வரியைத் தீர்க்கிறது. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து வரும் சரக்குக்கு முன்வைப்பு விகிதமாகவும் ஆகிறது. முன்பு 3 சதவீதம் கட்டியிருந்து இறுதியில் 0.65 என்று வந்தால், வித்தியாசம் வட்டியுடன் திரும்பும்; மாறாக வந்தால் வட்டியுடன் கேட்பார்கள். கட்டுவதும் பெறுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்தான், இந்திய ஆலை அல்ல.

அதே சரக்குக்குக் குவிப்புத் தடுப்பு வரியும் இருந்தால், ஏற்றுமதி மானியத்துக்காக விதித்த எதிர்மானிய வரியை அந்தக் கணக்கில் ஈடுகட்டுவார்கள். உள்நாட்டு மானியத்துக்கு அப்படி ஈடு இல்லை. ஆகவே 0.65 என்ற எண்ணுக்குள் எவ்வளவு எந்த வகை என்பதைக் குறிப்பாணையிலிருந்து தனியே எழுதி வையுங்கள்.

இறுதி முடிவு வெளியாகி 35 நாள்களுக்கு முன் சுங்கத்துக்கு வசூல் ஆணை செல்லாது. முடிவை எதிர்ப்பவர்கள் 30 நாள்களுக்குள் நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தை அணுக வேண்டும். தடையாணை கிடைத்தால் கணக்கு மேலும் சில ஆண்டுகள் திறந்தே இருக்கும். உங்கள் வாடிக்கையாளரின் சரக்கு அந்த நிலையில் உள்ளதா என்பதை அவருடைய சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலை அந்தந்த இன்வாய்ஸுடன் இணைத்து வையுங்கள்.