வெக்கையையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்

ஜன்னல், ஃபால்ஸ் சீலிங், ஏசி என்று புது வீட்டுக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் மொட்டைமாடியை மட்டும் வெறும் கான்கிரீட்டாக விட்டுவிடுகிறார்கள். வெயில் உச்சந்தலையில் நிற்கும் நம் ஊரில், தனி வீடானாலும் கடைசி மாடியானாலும் சூடு அதிகம் இறங்குவது தளம் வழியாகத்தான். மே மாத ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன் போட்டால் அனலாக இறங்குகிறதே, அது தளம் பகலெல்லாம் குடித்து வைத்த வெயில். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டுவதைவிட வெயிலை மேலேயே மறிப்பது நல்லது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அதன்மேல் தட்டோடு பதிப்பது இதற்கும்தான் உதவியது. கட்டி முடித்துவிட்டீர்களா? வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் தூசி படிந்து கறுத்தால் அதன் வேலை பாதியாகிவிடும், கோடைக்கு முன்னால் ஒருமுறை கழுவிவிட வேண்டும்.

அடுத்தது மேற்குச் சுவர். ஒன்றரை அடி சன்ஷேட் மதிய வெயிலை மறைக்கும், நாலு மணிக்குச் சாய்ந்து வரும் வெயிலுக்கு அது கணக்கிலேயே இல்லை. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை தென்மேற்கில்தான் வேண்டும் என்றால் சரி, சண்டை வேண்டாம். பாத்ரூமையும் துணி அலமாரியையும் அதன் மேற்குப் பக்கமாகத் தள்ளிவிடுங்கள், சூட்டை அவை வாங்கிக்கொள்ளட்டும். வெளியே இடமிருந்தால் ஒரு புங்கமரம்.

வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் வேண்டாம் என்பார்கள். சென்னை இருப்பது 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அங்கேயும் போடுங்கள்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்து முற்றம் வைத்துவிட்டு, மழைக்குப் பயந்து அதை பாலிகார்பனேட் ஷீட்டால் இறுக மூடுவதுதான் எனக்குப் புரியாத கூத்து. திறந்த முற்றத்தில் சூடான காற்று மேலே போய்விடும். மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் ஷீட்டை ஓரடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்றுப் போக வலை அடியுங்கள்.

அப்புறம் ஜன்னல். ஒரே சுவரில் இரண்டு பெரிய ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று இருந்தால்தான் காற்று ஓடும். புழுக்கமான சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வரும்போது திறந்து வைக்கலாம், ஆனால் வேலூர், திருச்சிக்காரர்கள் அதே நேரத்தில் திறந்தால் அனல்தான் வரும். அங்கே பகலில் மூடிவைத்து ராத்திரியில் திறப்பதுதான் தோது.