பழைய கியர்பாக்ஸை எண் பார்த்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் ஒரு தம்பி போன மாதம் ஒரு படம் அனுப்பினான். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய அமெரிக்கக் கார்களில் வந்த மன்சி நாலு கியர் பெட்டி, பக்கவாட்டில் 3925661 என்ற எண். "அண்ணே, இது எம் 22 தானே? அட்வான்ஸ் கொடுத்துட்டேன்" என்றான். எம் 22 என்பது மன்சியில் விலை கூடிய வகை. பல வருடங்களுக்கு முன் இதே எண்ணைப் பார்த்து நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் எழுதுகிறேன். எண்ணைத் தலைகீழாகப் படிப்பது, அழுக்கோடு படிப்பது போன்றவற்றை ஒரு தடவை செய்தால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் குடும்பம் என்று பார்க்காமல் எண்ணைத் தேடுவது

முதலில் போல்ட்டை எண்ணுங்கள். சைடு கவரில் 7 போல்ட், அலுமினியக் கேஸ், ரிவர்ஸ் லீவர் மட்டும் தனியாக டெயில் ஹவுசிங்கில் (பெட்டியின் பின்பக்க நீட்சி) இருந்தால் மன்சி. 7 போல்ட்தான், ஆனால் கேஸ் இரும்பு, மூன்று லீவரும் சைடு கவரிலேயே என்றால் சாகினா. 9 போல்ட் என்றால் போர்க்வார்னர் டி-10. சைடு கவரே இல்லாமல் மேலே 10 போல்ட் மூடி இருந்தால் ஃபோர்டின் டாப்லோடர். இதற்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ஒரு குடும்பத்து எண்ணை இன்னொரு குடும்பத்துப் பட்டியலில் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வார்ப்பு எண்ணைப் பார்த்து ரேஷியோவை முடிவு செய்வது

இந்தத் தவறை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

எம் 20, எம் 21, எம் 22 எல்லாம் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆர்டருக்கு வைத்த ஆப்ஷன் குறியீடுகள். பெட்டியின் மேல் அவை வார்க்கப்பட்டிருக்காது. கேஸில் மேடாகத் தெரியும் ஏழு இலக்கம் வார்ப்பு எண். அந்த உலோகம் எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதை மட்டும் அது சொல்லும். 3831704 என்றால் 1963. 3851325 என்றால் 1964-65. 3885010 என்றால் 1966-67. அப்புறம் 3925660, கடைசியாக 1974 வரை ஓடிய 3925661. இந்தக் கடைசிக் கேஸில் எம் 20, எம் 21, எம் 22 மூன்றுமே வந்திருக்கின்றன. எண்ணைப் பார்த்து உள்ளே எந்தப் பல்சக்கரம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

எனக்கு விற்றவர் "661 கேஸ், அதனால் எம் 22" என்றார். நம்பி, எம் 22 விலையையே கொடுத்தேன். அதோடு நிற்கவில்லை. எம் 22-வின் முதல் கியர் ரேஷியோ 2.20 (இன்புட் 2.20 சுற்று சுற்றினால் அவுட்புட் ஒரு சுற்று) என்பதால், அதற்குத் தோதாகப் பின் ஆக்சிலுக்கு 4.11 பல்சக்கர செட்டும் வாங்கிப் போட்டேன். வண்டி கிளம்பியதும் முதல் கியர் ஒரு மூச்சில் தீர்ந்துவிட்டது. சாலையைக் கடப்பதற்குள் இரண்டாவது கேட்டது. எம் 22-வுக்கே உரிய அந்த முனகல் சத்தமும் இல்லை. மறுபடி இறக்கி, சைடு கவரைத் திறந்து, இன்புட் பல்சக்கரத்தில் ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணினேன். 21 பல். எம் 22 என்றால் 26 இருந்திருக்க வேண்டும். நான் வாங்கியது 2.52 முதல் கியர் கொண்ட எம் 20. 2.52-ஐ 4.11-ஆல் பெருக்கினால் 10-க்கு மேல் போகிறது. நான் கணக்குப் போட்டிருந்தது 9. பெட்டிக்கு அதிகம் கொடுத்த பணமும் போச்சு, ஆக்சில் செட்டும் வீண், இரண்டு தடவை இறக்கி ஏற்றிய உழைப்பும் வீண்.

என்னால் இன்னும் பொறுக்க முடியாத விஷயம் வேறு. பதில் கண்ணெதிரே இருந்தது. இன்புட் ஷாஃப்டின் (இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு) ஸ்ப்லைன் பகுதியை, அதாவது கிளட்ச் பிளேட் மாட்டும் நீளவாக்குப் பள்ளங்களைச் சுற்றி மெல்லிய கோடு வெட்டியிருப்பார்கள். இரண்டு கோடு என்றால் எம் 20, ஒன்று என்றால் எம் 21, கோடே இல்லை என்றால் எம் 22. என் பெட்டியில் இரண்டு கோடும் காய்ந்த கிரீசுக்கு அடியில் இருந்தன. துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோட்டை மட்டும் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். இந்தப் பெட்டிகள் ஐம்பது வருடமாகப் பிரித்து மாட்டப்பட்டு வருகின்றன. பிற்காலத்தில் வேறு ஆட்கள் செய்த ஷாஃப்ட் இந்தக் கோட்டு விதிப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோடு இல்லாத மாற்று ஷாஃப்டைக் காட்டி "எம் 22" என்று யாரும் சொல்லலாம். அதனால் சுற்றிப் பாருங்கள். முதல் கியரில் போட்டு, இன்புட், அவுட்புட் இரண்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். அவுட்புட் 5 சுற்று முடிக்கும்வரை இன்புட்டைத் திருப்புங்கள். இன்புட் சரியாக 11 சுற்று சுற்றினால் 2.20. பன்னிரண்டரையைத் தாண்டினால் 2.52. எம் 21-க்கும் எம் 22-வுக்கும் ரேஷியோ ஒன்றுதான் என்பதால் அவற்றைப் பிரிக்க சைடு கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எம் 22-வின் பற்கள் சாய்வு குறைவாக, மற்றதைவிட நேராக நிற்கும். முனகல் சத்தம் அதனால்தான்.

வார்ப்பு எண்ணால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. 1965 வரையிலான கேஸில் கவுண்டர் ஷாஃப்ட் (அடியில் ஓடும் துணைப் பல்சக்கரத் தொகுதி) சுற்றும் ஊசியின் தடிமன் 7/8 அங்குலம். 1966-லிருந்து முழு ஒரு அங்குலம். உதிரி பாகம் வாங்கும்போது இதுதான் உதவும்.

தம்பியிடம் துடைக்கச் சொன்னேன். இரண்டு கோடு. விற்றவரிடம் பேசி, எம் 20 விலைக்கு இறக்கித்தான் மீதிப் பணத்தைக் கொடுத்தான்.

மாத எழுத்தை வரிசையாக எண்ணுவது

மன்சியின் பஞ்ச் எண், அதாவது கேஸில் குத்திப் பதித்த எண், பி-யில் (P) தொடங்கும். பி8ஹெச்12 என்று இருந்தால் ஹெச் எட்டாவது எழுத்து, அதனால் ஆகஸ்ட் என்று பலர் சொல்கிறார்கள். அது ஜூன். ஏ முதல் ஈ வரை ஜனவரியிலிருந்து மே வரை நேராகப் போகும். அதன் பிறகு ஹெச், கே, எம், பி (P), ஆர், எஸ், டி (T) என்று தாவும். 1969 மாடலிலிருந்து கடைசியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்தது. ஏ என்றால் எம் 20, பி (B) என்றால் எம் 21, சி என்றால் எம் 22. பஞ்சை யாரும் புதிதாக அடித்துவிடலாம் என்பதால், சி-யைப் பார்த்தாலும் சுற்றிப் பார்க்கும் வேலையை விடாதீர்கள்.

கம்பி பிரஷ்

பஞ்ச் எண் மேல் வைக்கவே வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த டார்ச், இவ்வளவு போதும்.

டாப்லோடரின் தகடு

டாப்லோடரில் ஆர்யூஜி என்று தொடங்கும் அடையாளத் தகடு ஒரு போல்ட்டில்தான் தொங்குகிறது. போல்ட் எங்கே போகிறதோ அங்கே தகடும் போகும். கேஸில் சி4 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து "1964 பெட்டி" என்பதும் தவறு. அது அந்தப் பாகம் வடிவமைக்கப்பட்ட வருடம். அதே வடிவம் பல வருடம் வார்க்கப்பட்டது.

ஒரே ஒரு படத்தை வைத்துப் பேசி முடிப்பது

விற்பவரிடம் ஐந்து படம் கேளுங்கள்: துடைத்த இன்புட் ஷாஃப்ட், சைடு கவர் முழுதாக, வார்ப்பு எண், பஞ்ச் எண், டெயில் ஹவுசிங்கின் பின்முனை. ஸ்ப்லைனையும் எண்ணச் சொல்லுங்கள். மன்சியில் இன்புட் 10-ஆகவும் இருக்கும், 26-ஆகவும் இருக்கும். அது தெரியாமல் கிளட்ச் பிளேட்டை ஆர்டர் செய்யாதீர்கள்.