சீனாவில் மாகாண அருங்காட்சியகமா, நகர அருங்காட்சியகமா? முதன்முறை செல்வோர் தேர்ந்தெடுக்கும் முறை

சீனாவில் ஏறக்குறைய ஒவ்வொரு மாகாணத் தலைநகரிலும் பெரியதொரு மாகாண அருங்காட்சியகம் இருக்கிறது. நகரங்களுக்கும் தனித்தனி அருங்காட்சியகங்கள் உண்டு. குறைந்த நாள்களே கையில் உள்ளவர்கள் கட்டடத்தின் அளவையோ பெயரையோ பார்த்து முடிவெடுக்காமல், தாம் காண விரும்பும் பொருள் எங்கே கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

படி 1: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். ஒரு பெரும் நிலப்பரப்பின் வரலாற்றைக் கற்காலம் தொட்டு வரிசையாகப் பார்க்க வேண்டுமென்றால் மாகாண அருங்காட்சியகம். ஓர் ஊர் எந்தத் தொழிலால், யாருடைய வருகையால் வளர்ந்தது என்று அறிய வேண்டுமென்றால் நகர அருங்காட்சியகம்.

படி 2: பொருளின் தற்போதைய இருப்பிடத்தை உறுதி செய்யுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஹூபேய் மாகாணத்தின் சூய்ஜோவில் 1978-இல் தோண்டப்பட்ட, பண்டைய சீனச் சிற்றரசுகளில் ஒன்றான ஸெங் நாட்டு மன்னர் யீயின் கல்லறையில் 65 வெண்கல மணிகள் கிடைத்தன. ஏறக்குறைய ஒவ்வொரு மணியும் நடுவில் தட்டினால் ஒரு சுரமும் பக்கவாட்டில் தட்டினால் வேறொரு சுரமும் தரும். சுரங்களின் பெயர்கள் மணியின் மேலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண வூஹானிலுள்ள மாகாண அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அதே மாகாணத்தின் ஜிங்ஜோ பகுதியில் 1965-இல் கிடைத்த, பண்டைய யுவே நாட்டு மன்னர் கௌஜியானின் வாளும் அங்கேதான் இருக்கிறது. அதற்காக ஜிங்ஜோவை ஒதுக்கிவிட வேண்டாம்: 1975-இல் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கெடாதிருந்த ஹான் காலத்து ஆணின் உடலும், சூ நாட்டுப் பட்டுத் துணிகளும் அந்நகர அருங்காட்சியகத்திலேயே உள்ளன.

படி 3: துறைமுக நகரங்களைத் தனியாக எண்ணிப் பாருங்கள். புஜியான் மாகாணத் தலைநகர் ஃபூஜோ என்றாலும், இடைக்காலக் கடல் வணிகத்தைப் புரிந்துகொள்ள அதே மாகாணத்தின் துறைமுக நகரான சுவான்ஜோவையே நான் பரிந்துரைப்பேன். தமிழ் வணிகர்கள் வாழ்ந்த ஊர் அது. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில், சிவலிங்கத்தை யானை வழிபடும் கற்சிற்பம் ஒன்று இருக்கிறது. திருவானைக்காவின் தலபுராணம் அறிந்தவர்களால் அதை எளிதில் கடந்து செல்ல முடியாது. அதைப் பார்த்த கையோடு கையுவான் பௌத்தக் கோயிலுக்கும் சென்று, முதன்மை மண்டபத்தின் பின்புறம் கண்ணன் கதைகள் செதுக்கப்பட்ட இரண்டு தூண்களைக் காணுங்கள். ஒரே ஊரில் அருங்காட்சியகமும் வீதியும் ஒன்றையொன்று விளக்கும் இத்தகைய வாய்ப்பு மாகாணத் தலைநகர்களில் அரிது.

படி 4: நாளையும் முன்பதிவையும் சரிபாருங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பலவற்றில் நுழைவு இலவசம் என்றாலும் முன்பதிவு தேவைப்படும். அதற்கு வீசாட் செயலியைப் பயன்படுத்துவது வழக்கம். பதிவு செய்த அதே பாஸ்போர்ட்டை வாயிலில் காட்ட வேண்டும்.

படி 5: மாற்று ஏற்பாடு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஷான்சி மாகாணத் தலைநகர் சீயானில் 1991-இல் திறக்கப்பட்ட ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுமதிச்சீட்டு கிடைப்பது, குறிப்பாக விடுமுறைக் காலத்தில், மிகக் கடினம். கிடைக்காவிட்டால், தாங் அரச மரபின் காலத்தில் எழுப்பப்பட்ட சிறிய காட்டு வாத்துக் கோபுர வளாகத்திலேயே அமைந்துள்ள சீயான் நகர அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அரை நாளில் காட்சிக்கூடங்களையும் கோபுரத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.