காலைல ஸ்டார்ட் பண்ணா கீச் கீச்: பழைய டீசல் வண்டில பெல்ட் டென்ஷனர் சத்தத்த நிறுத்தறது எப்படி

காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணதும் பானட்டுக்குள்ள குருவி கூடு கட்டின மாதிரி கீச் கீச்னு சத்தம், அஞ்சு நிமிஷம் ஓடினா குறைஞ்சிடும், ஏசி போட்டா திரும்ப ஆரம்பிச்சிடும். என் வண்டி 2008 மாடல், 2.5 லிட்டர் டீசல், 2,80,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. இந்த சத்தத்துக்காக ரெண்டு தடவ பெல்ட் மாத்தினேன், ரெண்டு தடவையும் ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே குருவி. கடைசில கழட்டிப் பாத்தா பெல்ட் மேல தப்பே இல்ல, பெல்ட்ட எப்பவும் டைட்டா இழுத்து வச்சிருக்கற ஸ்பிரிங் கை தான் டென்ஷனர், அந்த கை திரும்பற இடத்துல இருக்கற புஷ் (அச்சச் சுத்தி இருக்கற வளையம்) காஞ்சு போயி அதுதான் கத்திட்டிருந்துச்சு. புது பெல்ட் போட்டா ஏன் ஒரு வாரம் அமைதின்னா, பழசு தேஞ்சு இழுபட்டிருக்கும், புதுசு போட்டதும் கை கொஞ்சம் தள்ளி தேயாத இடத்துல போய் நிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

டீசல்ல இது ஏன் ஜாஸ்தின்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடில்ல 750 ஆர்பிஎம் சுத்துதுன்னு வைங்க, செகண்டுக்கு 25 தடவ உள்ள வெடிக்குது. ஒவ்வொரு வெடிக்கும் கிராங்க் புல்லி (இன்ஜின்ல இருந்து பெல்ட்ட சுத்தற சக்கரம்) ஒரு உதறல் உதறும், அத்தனையையும் வாங்கிக்கறது டென்ஷனர் கைதான். சிக்னல்ல ஒரு நிமிஷம் நின்னீங்கன்னா அது 1,500 தடவ ஆடியிருக்கும். புஷ் தேயாம என்ன பண்ணும்.

அம்பாசிடர் டீசல் மாதிரி ரொம்ப பழைய வண்டிங்கள்ல ஆட்டோமேட்டிக் டென்ஷனரே கிடையாது, வி பெல்ட் தான், பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட போல்ட லூஸ் பண்ணி இழுத்து டைட் வச்சு, கட்டை விரலால அழுத்தினா ஒரு 10 மில்லிமீட்டர் இறங்கற மாதிரி விட்டுட்டா வேலை முடிஞ்சுது. நான் சொல்றது அகலமா, உள்பக்கம் வரி வரியா இருக்கற பெல்ட்டும் ஸ்பிரிங் டென்ஷனரும் இருக்கற வண்டிக்கு. இன்னொன்னு, இத இன்ஜின் வால்வுகள ஓட்டற டைமிங் பெல்ட்டோட குழப்பிக்காதீங்க. ஸ்விஃப்ட், டிசையர்ல வந்த 1.3 டீசல்ல டைமிங் செயின், அதனால குழப்பமே இல்ல. டைமிங் பெல்ட் இருக்கற இன்ஜின்ல அது கவருக்குள்ள இருக்கும், அந்த கவர தொடவே தொடாதீங்க.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கழுத்துல துண்டு, தொங்கற செயின், முழுக்கை சட்டை எல்லாம் வேணாம். இன்ஜின் ஓடும்போது பாக்கற வேலை கொஞ்சம் இருக்கு, முன்னாடி ஃபேன் சுத்திட்டிருக்கும், அதுக்கு நம்ம துண்டுன்னெல்லாம் தெரியாது.

முதல்ல கத்தறது யாருன்னு கண்டுபிடிக்கணும், பாதி வேலை இதுதான், பொருள் வாங்க அப்புறம் ஓடலாம். துணி அயர்ன் பண்ண வச்சிருக்கற ஸ்ப்ரே பாட்டில் எடுத்துக்கோங்க. இன்ஜின் ஐடில்ல இருக்கும்போது தள்ளி நின்னு பெல்ட்டோட வரி இருக்கற பக்கம் லேசா தண்ணி அடிங்க. சத்தம் சட்டுன்னு நின்னு கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டுல இல்ல. தண்ணி பட்டதும் இன்னும் பெருசா கத்தினா பெல்ட் வழுக்குது, டைட் பத்தல. தண்ணி அடிச்சும் ஒரு மாற்றமும் இல்லன்னா பெல்ட்ட விட்டுடுங்க, அது புஷ்ஷோ பேரிங்கோ தான். இந்த தண்ணி டெஸ்ட்ட அன்னைக்கே பண்ணிருந்தா எனக்கு ரெண்டு பெல்ட் காசு மிச்சம்.

அடுத்தது காது. ரெண்டு அடி தண்ணி டியூப் ஒன்னு எடுத்து ஒரு முனைய காதுல வச்சு மறு முனைய டென்ஷனர் கிட்ட, ஆல்டர்னேட்டர் கிட்டன்னு ஒவ்வொன்னா காட்டுங்க, ஃபேன்லயும் பெல்ட்லயும் படாம. பேரிங் போயிருந்தா கர்ர்ர்னு மாவு மெஷின் மாதிரி வரும், வேகம் ஏத்தினா அதுவும் ஏறும். புஷ்ஷுன்னா கிரீச் கிரீச்னு விட்டு விட்டு, பழைய ஊஞ்சல் சங்கிலி மாதிரி. டென்ஷனர் கைய பாத்துட்டே கேட்டீங்கன்னா அது ஆடறதும் சத்தமும் ஒன்னா வரும்.

இனிமே இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்ல, பேட்டரி நெகட்டிவ கழட்டிடுங்க, இன்ஜின் ஆறட்டும். பெல்ட்ட கழட்டறதுக்கு முன்னாடி எந்த புல்லிக்கு மேல போகுது எதுக்கு கீழ போகுதுன்னு போன்ல ஒரு போட்டோ எடுங்க, போட்டோல ஃபேன் மறைக்கும், அதனால சாக்பீஸ்ல தரையிலயும் ஒரு படம் போட்டுடுங்க. டென்ஷனர் கைல ஸ்பேனர் புடிக்கறதுக்கு இடம் இருக்கும், இல்லன்னா புல்லி நடு போல்ட்ல தான் புடிக்கணும், நீளமான ரிங் ஸ்பேனர் போட்டு பெல்ட் லூஸ் ஆகற பக்கமா மெதுவா இழுங்க. நடு போல்ட்ல புடிக்கும்போது டென்ஷனர் கை நகராம போல்ட் மட்டும் கழண்டு வந்தா தப்பான பக்கம் இழுக்கறீங்கன்னு அர்த்தம். பெல்ட்ட ஒரு புல்லில இருந்து நழுவ விட்டுட்டு டென்ஷனர் கைய மெதுவா திரும்ப விடுங்க, படார்னு விட்டா விரல் முட்டி போயிடும்.

பெல்ட் வெளிய வந்ததும் டென்ஷனர் புல்லிய விரலால ஒரு சுத்து சுத்தி விடுங்க. நல்ல பேரிங் கொஞ்சம் கனமா, சத்தமில்லாம ஒரு ரெண்டு சுத்து சுத்தி நின்னுடும். பம்பரம் மாதிரி நிக்காம சுத்திச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, உள்ள கிரீஸ் காலின்னு அர்த்தம். அப்புறம் புல்லி விளிம்ப புடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிச்சு பாருங்க, புல்லி சாஞ்சு நிக்குதா? கை அடியோட ஆடுதா? ஆடினா புஷ் தேஞ்சே போச்சு, அதுக்கு கிரீஸ் போட்டு ஒரு புண்ணியமும் இல்ல, டென்ஷனரயே முழு அசெம்பிளியா மாத்துங்க. சில டென்ஷனர்ல குட்டி ஷாக் அப்சார்பர் மாதிரி ஒன்னு இருக்கும், அதுல ஆயில் கசிஞ்சிருந்தாலும் மாத்தணும்.

ஆட்டம் இல்ல, காஞ்சு போயி கத்துது மட்டும் தான்னா காப்பாத்திடலாம். டென்ஷனர தனியா கழட்டி வச்சுட்டு, கை அச்சுல உக்கார்ற இடுக்குல டபிள்யூடி-40 மாதிரி ஸ்ப்ரேய டியூப் வச்சு விடுங்க, கைய ஒரு முப்பது நாப்பது தடவ முன்ன பின்ன ஆட்டுங்க. செங்கல் தூள் கரைச்ச மாதிரி செவப்பா வழியும், துணில ஒத்தி எடுத்துட்டு திரும்ப விடுங்க. எனக்கு நாலாவது தடவை தான் தெளிஞ்சு வந்துச்சு, கிரீச்சு குறைஞ்சு கை வழவழன்னு நகர ஆரம்பிச்சது அப்பதான். ஆனா அந்த ஸ்ப்ரே கிரீஸ் கிடையாது, அதோட மாட்டினா கொஞ்ச நாள்ல காஞ்சு பழைய கதைதான். ஊசி கழட்டின சிரிஞ்சுல கறுப்பா இருக்கற மாலிப்டினம் கிரீஸ அடைச்சு இடுக்குல அழுத்தி ஏத்துங்க, ஆட்டுங்க, திரும்ப ஏத்துங்க, வெளிய வழியறத சுத்தமா தொடச்சிடுங்க.

ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் உள்ளயே சுருண்டு மூடியிருக்கற உருண்டை டென்ஷனர்ல உதறல கட்டுப்படுத்தறதே உள்ள இருக்கற பிளாஸ்டிக் பட்டையோட உராய்வு தான். அதுல கிரீஸ் ஏத்தினா சத்தம் போகும், கூடவே பிடிமானமும் போயி கை தாறுமாறா ஆடும். அந்த டைப்ப திறக்கவோ துளை போட்டு கிரீஸ் நிப்பிள் வைக்கவோ போகாதீங்க, முழுசா மாத்தறது தான் வழி.

பேரிங் மட்டும் போச்சுன்னா ரப்பர் மூடிலயே நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு 6203ன்னு இருந்தா உள்ள 17, வெளிய 40, அகலம் 12 மில்லிமீட்டர், எந்த பேரிங் கடையிலயும் கிடைக்கும். பின்னாடி 2ஆர்எஸ் னு போட்டத வாங்குங்க, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி, நம்ம ஊர் புழுதிக்கும் மழைக்கும் அதான் சரி. இரும்பு புல்லின்னா லேத்துல கொடுத்து பிரஸ் பண்ணிக்கலாம், பிளாஸ்டிக் புல்லின்னா வேணாம், புல்லியோடவே வாங்கிடுங்க.

பெல்ட் வெளிய இருக்கும்போதே ஆல்டர்னேட்டர் புல்லியயும் பாருங்க. சில வண்டில அது ஒரு பக்கம் மட்டும் ஆல்டர்னேட்டர சுத்தும், மறு பக்கம் சும்மா சுத்தும், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. உங்க வண்டில அந்த டைப் போட்டிருந்து, ரெண்டு பக்கமும் புடிச்சுகிட்டா அது ஜாம், கிராங்க் புல்லியோட அந்த உதறல் அத்தனையும் டென்ஷனர் தலையில தான் விழும், நீங்க எத்தன டென்ஷனர் போட்டாலும் சாகும்.

பெல்ட் மாத்தறதா இருந்தா மேல எழுதியிருக்கற நம்பர பாத்தே வாங்குங்க, 6பிகே1200ன்னா ஆறு வரி, 1,200 மில்லிமீட்டர் நீளம். பக்கத்து சைஸ் கொடுத்து இதுவும் சேரும்பாங்க, வேணாம்.

திரும்ப மாட்டும்போது புல்லி பள்ளத்துல இருக்கற அழுக்க பல்லு தேய்க்கற பழைய பிரஷ்ல எடுத்துட்டு, ஒவ்வொரு புல்லிலயும் எல்லா வரியும் உக்காந்திருக்கான்னு விரல விட்டு தடவிப் பாருங்க, ஒரு வரி வெளிய தள்ளி உக்கார்றது தான் எல்லாரும் பண்ற தப்பு. கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுத்தற பக்கமாவே கையால ரெண்டு சுத்து சுத்தி திரும்ப பாத்துட்டு அப்புறம் பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு லோடு கொடுங்க. டென்ஷனர் கை லேசா நடுங்கலாம், துள்ளக் கூடாது.

பெல்ட்டுக்கு சோப்பு தேய்க்கறது, மெழுகுவத்தி தேய்க்கறது, தேங்காண்ணெய் விடறதுன்னு பட்டறையில சொல்லுவாங்க. எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், ரப்பர் ஊறிப் போகும், அத மட்டும் செய்யாதீங்க. கழட்டின பழைய பெல்ட் விரிசல் இல்லாம இருந்தா டிக்கில போட்டு வைங்க. என்னிக்காவது நடு ரோட்டுல பேட்டரி லைட் எரிஞ்சு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினா பெல்ட் அறுந்திருக்கும், வாட்டர் பம்ப் சுத்தாது, அங்கயே ஓரம் கட்டி ஆஃப் பண்ணிடுங்க, அந்த நேரத்துல இந்த பழைய பெல்ட் தான் வீடு கொண்டு வந்து சேக்கும்.